காணி இல்லாதவர்களின் ஆட்சேபனை

1

அக்காவின் வீட்டு மதிலில் சிவப்பு மையால் 47 என்று எழுதப்பட்டது ஒரு புதன்கிழமை. அக்கா அதைச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லி வருகிறார். அவருடைய குரல் பதிவு என் கைத்தொலைபேசிக்கு வந்தது புதன் என்று நான் எடுத்துக் காட்டிய பிறகு, "அளந்தது செவ்வாய், எழுதினது புதன், இப்ப சரியா?" என்று சமாதானத்துக்கு வந்தார். நாட்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் இதை ஒரு வருத்தமாகவே பேசுவார்கள். சூறாவளி அடித்தது எழுபத்தெட்டு கார்த்திகை இருபத்து மூன்று, கடல் வந்தது இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களுக்கு என்னைக் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்த நாளைச் சொல்வார்கள்.

அதே புதன்கிழமை பின்நேரம், சுவிற்சர்லாந்தில் நான் இருக்கும் சிற்றூரின் ஊராட்சி அலுவலகம் என் தபால் பெட்டியில் ஓர் அறிவித்தல் போட்டிருந்தது. எங்கள் குடியிருப்புக்கு முன்னால் போகும் வீதியைச் சைக்கிள் பாதைக்காகச் சற்று அகலப்படுத்த எண்ணியிருக்கிறார்களாம். அபிப்பிராயம் சொல்ல விரும்புகிறவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரலாமாம். கீழே ஒரு வரி: கோப்பியும் கேக்கும் வழங்கப்படும்.

அக்காவுக்குக் கோப்பி தருவதாக யாரும் சொல்லவில்லை. மதிலில் நம்பர் எழுதிய பெடியன்தான் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

2

எங்கள் ஊர் காத்தான்குடிக்குத் தெற்கே, செட்டிபாளையத்துக்கு வடக்கே. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கரையை ஒட்டி ஓர் ஒடுங்கிய வீதி போகிறது. எதிரில் உழவு இயந்திரம் வந்தால் சைக்கிள்காரர் யாருடைய வளவுக்குள்ளாவது இறங்கி நிற்க வேண்டும். அப்படி இறங்கி நின்ற இடத்தில் தேத்தண்ணி குடித்து, சம்பந்தம் பேசி முடித்த கதைகளும் உண்டு. இந்த வீதி எப்போது போடப்பட்டது என்று ஆங்கிலேயர் காலத்து நாட்குறிப்புகளில் தேடிப் பார்த்திருக்கிறேன். நுளம்புக் கடியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வீதியைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வீதியைத்தான் இப்போது பெருவீதியாக்கப் போகிறார்கள். வாவியில் சூரியன் மறைவதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருவார்கள், அவர்களுடைய பஸ்கள் நிற்க இடம் வேண்டும் என்பது காரணம். பார்வைத்தளம் ஒன்றும் வரும். ஆக நல்ல காட்சி எங்கள் அக்காவின் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறதாம். தென்னைகளும் கண்டல் மரங்களும் ஓட்டு வீடுகளுமாகத் தெரிகிற காட்சி அது. அதைத் தடையின்றிப் பார்ப்பதற்காகத் தென்னைகளையும் கண்டல் மரங்களையும் ஓட்டு வீடுகளையும் அகற்ற வேண்டும்.

"சூரியன் எங்க போயிரும்?" என்று அக்கா குரல் பதிவில் கேட்டார். "வடக்க மாங்கேணியில நிண்டு பார்த்தாலும் மேற்காலதானே மறையும்?"

அக்காவின் பெயர் பாக்கியம். அவருக்கு ஒரே மகள், சுதா. சுதாவுக்குச் செட்டிபாளையத்தில் மாப்பிள்ளை பேசி, நிச்சயமும் முடிந்திருந்தது. நில அளவையாளர் போட்ட கோடு அக்கா வீட்டு விறாந்தையால் ஏறி, மண்டபத்தை வெட்டி, குசினி வாசலில் முடிகிறது. எங்கள் பகுதியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். மாப்பிள்ளையின் தாய் வந்து மதிலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு எழும்பும்போது கேட்டாராம்:

"பாதி வீட்டுக்கு முழு மாப்பிள்ளையா, பாக்கியம்?"

3

அக்காவின் புருஷன் தருமலிங்கம் அத்தான் அந்த வாரமே வாவிக்கரை வீதிப் பாதுகாப்புக் குழுவின் தலைவரானார். வாசிகசாலையில் கூட்டம் நடந்தது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அதன் காணொளியை எனக்கு அனுப்பினார்கள். அத்தான் ஒலிவாங்கியைப் பிடித்த பிடியைப் பார்த்தால் அதுவும் அவருடைய காணியில் விளைந்தது என்று தோன்றும்.

"என்ட காணியில ஒரு பிடி மண் எடுக்க விடமாட்டன். இது என்ட பாட்டன் பூட்டன் ஆண்ட மண்" என்றார். கைதட்டல். அடுத்து செயலாளர் தன்னுடைய காணியைப் பற்றிப் பேசினார். பொருளாளர் தன்னுடைய தென்னைகளைப் பற்றிப் பேசினார். பேசாமல் இருந்தவர் என்று யாரும் இல்லை. பெண்கள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது காணொளியின் ஓரத்தில் தெரிந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அது பெருமையில் வந்த சிரிப்பு என்று நினைத்தேன்.

கறுப்புக் கொடி கட்டத் துணி தேவைப்பட்டது. காத்தான்குடியில் ஹனீபா நானாவின் புடவைக்கடைக்கு அத்தான் போனார். நானா அத்தானுடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்.

"கறுப்பா? கறுப்பு எங்கட கடையில இல்லாட்டி வேறெங்க இரிக்கும்? அபாயாத் துணிதான் இரிக்கி மச்சான். டுபாய்ச் சாமான். வெயிலுக்கும் மழைக்கும் நிறம் மங்காது" என்று வெட்டித் தந்திருக்கிறார். ஓரத்தில் கல் பதித்த துணி. எங்கள் ஊர் எதிர்ப்பு மின்னியது. மாலை வெயிலில் அந்தக் கொடிகளைப் பார்க்கவே இரண்டு வெள்ளைக்காரர் வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்தார்களாம். உல்லாசப் பயணத்துறை வளரத் தொடங்கிவிட்டது என்று அத்தான் கவலைப்பட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. குழுவின் ஆட்சேபனையுடன் சேர்த்து அனுப்பும்படி ஒன்பது பக்கத்தில் ஓர் ஆட்சேபனை எழுதினேன். வாவி, வீதி, வெள்ளம் வந்த வருடங்கள், கண்ணகி சடங்குக்குத் தேர் போகும் பாதை, எல்லாம் திகதி வரிசையில். என் மகன் நிரோஷ் அதை எட்டிப் பார்த்தான். அவனுக்கு இருபத்துநான்கு வயது. வீதி வரைபடம் போடும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறான். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவனுக்குப் படிப்பித்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள்.

"அப்பா, ஒன்பது பக்கத்தை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். சுருக்கி எழுதுங்கோ" என்றான்.

எங்கள் ஊரில் 'எழுதுங்க' என்போம். என் சொந்த மகன் என்னிடம் 'எழுதுங்கோ' என்கிறான். அக்கா ஒருமுறை அவனோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இவன் நம்மட புள்ளதானா, இல்லாட்டி யாழ்ப்பாணத்துல இரிந்து எடுத்து வளர்க்கிறியா?"

4

இங்கே பள்ளிக்கூட மண்டபத்துக் கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். ஊராட்சி அலுவலர், வரைபடக்காரர், தேரைகளைப் பாதுகாக்கும் சங்கத்து அம்மையார், நான், நிரோஷ். எழுபது கதிரை போட்டிருந்தார்கள். கேக் நிறைய மிஞ்சியது.

பிரச்சினை தேரைகள்தான். பனி உருகும் காலத்தில் அவை காட்டிலிருந்து குளத்துக்கு வீதியைக் கடக்குமாம். வீதி அகலமானால் கடக்க நேரமெடுக்கும், நசுங்கிவிடும். ஆகவே வீதிக்குக் கீழே அவற்றுக்கென்று ஒரு குழாய். வரைபடத்தில் அந்தக் குழாய் பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. விடிய முன்னர் அந்த வீதியால் நடந்து போகிறவன் நான். தேரைகள் பெற்றோல் நிலையத்தடியில் கடப்பதில்லை. பஸ் தரிப்பிடத்தடியில்தான் கடக்கும். மூன்று வருடமாகக் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். கையை உயர்த்தினேன். நிரோஷ் என் முழங்கையைப் பிடித்தான்.

"அப்பா, உங்கட ஜேர்மன் வேண்டாம். நான் சொல்லுறன்."

நானே சொன்னேன். ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. நான் தேரையையும் குழாயையும் பஸ் தரிப்பிடத்தையும் எந்தப் பாலில் நிறுத்தினேனோ தெரியாது. நிரோஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலுவலர் எழுதிக்கொண்டார். பிறகு நான் கேட்டேன்: "நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறேன். நான் சொன்னது செல்லுமா?"

"நீங்கள் இந்த வீதியில் வசிக்கிறீர்கள்தானே, அது போதும்" என்றார் அவர். எனக்கு இன்னொரு துண்டு கேக் தந்தார்.

5

ஊரில் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வீதி அலுவலகத்திலிருந்து, ஊர்ப் பேச்சில் வீதிக் கந்தோரிலிருந்து, ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், தமிழர். குழுவின் ஆட்சேபனை அவர் கையில் இருந்தது. அதில் ஊர் ஆண்கள் எல்லோரும் 'காணிச் சொந்தக்காரர்' என்ற இடத்தில் கையொப்பம் வைத்திருந்தார்கள். அத்தானே பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

அதிகாரி கேட்டாராம்: "ஐயா, உங்கட பேரில இந்த வீதியில காணி ஒண்டும் இல்லையே?"

"எனக்கா?"

"உங்களுக்கும் இல்ல. செயலாளர் ஐயாவுக்கும் இல்ல. காணிக் கந்தோர்ப் பதிவெல்லாம் பார்த்தம். கையொப்பம் வைச்ச ஒருத்தருக்கும் இந்த வீதியில ஒரு வேலிக்கட்டை கூட இல்ல. பாதிக்கப்படாத ஆக்கள் ஆட்சேபிக்க ஏலாது."

காணி முழுவதும் சீதன உறுதியில், அதாவது சீதனப் பத்திரத்தில், பெண்களின் பெயரில் இருக்கிறது. தாய் மகளுக்கு எழுதியது, அந்த மகள் தன் மகளுக்கு எழுதியது. எங்கள் ஆண்கள் கலியாணத்தன்று உடுப்புப் பையுடன் பெண் வீட்டுக்கு வந்தவர்கள். இது ஊரில் எல்லோருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்த விஷயம். அதனாலேயே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அத்தானின் பாட்டனும் பூட்டனும் ஆண்ட மண் எது என்று பார்த்தால், அது வாவிக்கு அக்கரையில் அத்தானின் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

என்னுடைய ஒன்பது பக்கத்துக்கும் பதில் வந்தது. இரண்டு வரி. எனக்கும் அங்கே காணி இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் வரவில்லை.

6

காணிச் சொந்தக்காரர்கள் ஆட்சேபிக்க இரண்டு கிழமை தந்தார்கள். குழுத் தலைவர் தருமலிங்கம் தன் மனைவியிடம் கையொப்பம் கேட்கப் போனார். அக்கா குசினிப்படியில் இருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்து நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு கதையும் ஒத்துப் போகின்றன. எங்கள் குடும்பத்தில் இது அபூர்வம்.

"இதில ஒரு கையொப்பம் வை பாக்கியம்."

"கை நாறுது. ஆரு நீங்க?"

"என்ன ஆரு நீங்க?"

"கூட்டத்துல மைக்கைப் புடிச்சி ஆருட காணி எண்டு சொன்னீங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுற."

"அப்ப கையொப்பத்தையும் ஒரு பேச்சுக்கு நீங்களே வைங்க."

அன்று வீதி நெடுக இதே நாடகம்தான் நடந்திருக்கிறது. செயலாளரை அவருடைய மனைவி, முதலில் முருங்கை மரத்தை வெட்டிய விஷயத்துக்கு விளக்கம் தரச் சொன்னாராம். கொப்பு வெட்டியதல்ல, போன வருடம் கேட்காமல் அடியோடு வெட்டியது. பொருளாளர் இரண்டு நாள் தேங்காய் துருவினார். எங்கள் ஊர் ஆண்கள் அந்த ஒரு கிழமை காட்டிய பணிவை எந்த அரசாங்கத்திடமும் காட்டியதில்லை.

கடைசி நாளுக்கு முதல் நாள் பெண்கள் தாங்களே கையொப்பம் வைத்த ஆட்சேபனையுடன் வீதிக் கந்தோருக்குப் போனார்கள். அக்கா முன்னால். வீதியின் மறுபக்கத்தில் கந்தோரின் சொந்த வளவு ஒன்று கிடக்கிறது. தார்ப் பீப்பாய்களும் துருப்பிடித்த ஒரு றோட்டு உருளையும் அதற்குள் இருக்கின்றன. சூறாவளிக்குப் பிறகு அந்த உருளை அசைந்ததை யாரும் காணவில்லை. அளவைக் கோடு அந்த வளவைத் தொடாமல் வளைந்து வந்து பெண்களின் வீடுகளுக்குள் ஏறியிருந்தது.

"றோட்டை அங்கால தள்ளுங்க" என்றார் அக்கா.

"அது அரச சொத்து அம்மா. அதை எடுக்கக் கொழும்பில கேக்கணும்."

"இது சீதனச் சொத்து. இதை எடுக்க ஆரிட்ட கேக்கணும்?"

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டாராம். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையை மூடி வைத்தாராம்.

7

ஆட்சேபனையை ஏற்றார்கள். விசாரணை தொடங்கும் என்றார்கள். ஆனால் சுதாவின் கலியாணம் அப்படியே நின்றது. வீடு தப்பும் என்று தெரியாமல் கலியாணம் இல்லை என்றது மாப்பிள்ளை வீடு. சுதா பின்னேரங்களில் மதிலடியில் போய் நின்று நம்பரைப் பார்த்துவிட்டு வருவாள் என்று அக்கா சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரலில் பகிடி இல்லை.

வழி பிறந்தது கந்தோரிலேயேதான். விசாரணை எப்போது முடியும் என்று கேட்கப் போன அக்காவிடம் அதிகாரி அலுத்துக்கொண்டார். பட்டியலில் உள்ள சொந்தக்காரர் யாராவது இடையில் மாறினால் புதியவருக்குப் புதிதாக அறிவித்தல் கொடுத்து, புதிதாக ஆட்சேபனை கேட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். "அப்பிடி ஒருத்தரும் மாறாம இரிந்தா கெதியா முடிச்சிரலாம் அம்மா" என்றாராம் அந்த நல்ல மனிதர்.

அக்கா கந்தோரிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே பஸ் ஏறிச் செட்டிபாளையத்துக்குப் போனார். மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னார்: "வீட்டைச் சுதாட பேருக்கு உறுதி எழுதினா றோட்டு நிக்கும். கலியாணம் நடந்தாத்தான் உறுதி எழுதலாம். நீங்க றோட்டு நிண்டாத்தான் கலியாணம் எண்டுறீங்க. வாவி மீன் கரையேறின பிறகுதான் வலை போடுவன் எண்டு சொன்ன மாதிரி இரிக்கு."

அந்த அம்மா யோசித்திருக்கிறார். அக்கா அவருடைய மதிலைக் காட்டினார். கோடு அங்கும் வந்திருந்தது. சிவப்பில் 112.

"உங்களுக்கும் ஒரு மகள் இரிக்காவெல்லோ?"

"இரிக்கா."

"முதல் நாற்பத்தேழு. பிறகு நூற்றிப் பன்னிரண்டு."

கலியாணம் ஆவணியில் நடந்தது, வியாழக்கிழமை. இதை யாரும் மறுக்க முடியாது, நான் போயிருந்தேன். நிரோஷும் வந்தான். சபையில் எல்லோருக்கும் 'வாங்கோ, இருங்கோ' என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களா என்ற சந்தேகத்தை உண்டாக்கினான். கலியாணத்துக்காக மதிலுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அரச அடையாளத்தை அழித்தால் குற்றம் என்று நம்பரைச் சுற்றிச் சதுரமாக விட்டு அடித்திருந்தார்கள். வெள்ளை மதிலில் கட்டம் போட்ட 47, மேலே மாவிலைத் தோரணம். மணமக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். மின்னுகிற கறுப்புக் கொடிகளை மூன்று நாளைக்குக் கழற்றி வைத்துவிட்டு நாலாம் நாள் திரும்பக் கட்டினார்கள். வீதிக் கந்தோர் அதிகாரிக்கும் அழைப்பு. வந்தார், வயிறாரச் சாப்பிட்டார், சுதாவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். வெளியே போகும்போது வீதியின் நீளத்தைப் பார்த்துவிட்டு அத்தானிடம் கேட்டாராம்: "ஐயா, இந்தப் பக்கம் கட்டிக்கொடுக்க எத்தனை புள்ளையள் இரிக்கு?"

அத்தான், இது தன்னுடைய காணி விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வாவிக்கரை வீதியில் கலியாணங்கள் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன. இரண்டு வீட்டுக்கு ஒரே மாதத்தில் முகூர்த்தம் வைக்க அக்கா விடுவதில்லை. வைத்தால் இரண்டு பெயர் மாற்றத்தையும் கந்தோர் ஒரே திருத்தத்தில் முடித்துவிடுமாம். சோதிடர் நல்ல நாள் குறித்துக் கொடுத்தாலும், கந்தோர் அறிவித்தலின் தவணை எப்போது முடிகிறது என்று பார்த்துத்தான் பெண்கள் நாள் வைக்கிறார்கள். இந்த நாட்களை எல்லாம் வரிசைப்படுத்தி வைக்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஊர் என் திகதிகளை ஒத்துக்கொள்வது இதுதான் முதல் முறை.

8

போன கிழமை இங்கே வீதி வேலை தொடங்கியது. தேரைக் குழாயைப் பெற்றோல் நிலையத்தடியிலிருந்து பஸ் தரிப்பிடத்தடிக்கு மாற்றிவிட்டார்கள். வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். என் சொல்லைக் கேட்டு இந்த உலகத்தில் ஒரு வீதியில் ஏதாவது நகர்ந்தது என்றால் அது இந்தக் குழாய்தான். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தேரைக்கு றோட்டுக்குக் கீழால பாதையா?"

"ஓம் அக்கா. நான் சொல்லித்தான் இடத்தை மாத்தினவங்க."

"உனக்கு அங்க காணி இரிக்கா?"

"இல்ல."

"பிறகெப்பிடி உன்ட சொல்லுக் கேட்டவங்க?"

"அந்த வீதியில இரிக்கிறன் எண்டு."

அக்கா, சுதாவின் பெயரில் புது அறிவித்தல் வந்துவிட்டது என்றார். அவள் கையொப்பம் வைத்து ஆட்சேபனையும் கொடுத்துவிட்டாளாம்.

"இதுவும் ஒரு நாள் முடியும்தானே அக்கா? அதுக்குப் பிறகு?"

"சுதா அவள்ட மகளுக்கு எழுதுவாள்."

"அவளுக்கு இன்னும் புள்ள புறக்கல்லயே."

"புறக்கும். றோட்டுக்காரர் பொறுப்பாங்க, அவங்களுக்கென்ன, சம்பளம் வருகுதுதானே."

இதை எல்லாம் ஊரில் வாசிப்பதற்காக எழுதப் போகிறேன் என்று சொன்னேன். நிறைய நாள் போட்டு எழுதாதே, ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். பிறகு தொலைபேசியை வைக்கும் முன் ஞாபகம் வந்தவராகச் சொன்னார்:

"எழுது தம்பி. ஆனா கீழ கையொப்பம் வைச்சிராத. உனக்கு இஞ்ச காணி இல்ல."